பூச்சிக்கூடத்தில் ஒரு பூச்சியம்

"கொசுவுக்கு இத்தனை பெரிய பங்களாவா?" என்று அண்ணாந்து பார்த்தான் வெடி. "எங்க வீட்டுல ஓசியிலயே தங்கிட்டுப் போகுது."

அக்கா சிரிக்கவில்லை. மாடிப்படியின் அடியில் நின்று படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு. சிமெண்ட் படி, இரும்புக் கைப்பிடி, ஒரு பக்கம் ஈரச்சுவர். எட்டு நாளைக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு, அவள் நின்ற அதே இடத்தில் ஒரு மனிதர் கழுத்து திரும்பிக் கிடந்தார். கால் வழுக்கி விழுந்தார் என்று காவல் நிலையத்தில் எழுதி முடித்துவிட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் பொய்க் கோரிக்கைகளைத் துருவியவள் அக்கா. பிறகு வேலையை உதறிவிட்டு, ஒரு அச்சகத்தின் மாடியில் இரண்டு அறை பிடித்துத் துப்பறியத் தொடங்கினாள். அவளிடம் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் வெடி. சாவு வீட்டில்கூட வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான் என்பதால் வந்த பெயர்.

நேற்று அந்த அறைக்கு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். கழுத்தில் மாட்டிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். செத்துப்போனவரின் தங்கை.

"எங்கண்ணன் இந்த ஆய்வுக்கூடத்துல கொசு அறுக்கிறவரு. ரெண்டு ஊசிய வச்சுக்கிட்டு நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புல குனிஞ்சிருப்பாரு. ஊசின்னு தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினாரு. 'பின்தெரு கொசுல புழு இருக்கு தங்கச்சி. யானைக்கால் புழு. உசுரோட நெளியுது. நாளைக்கு முதல்ல ஒருத்தர்கிட்ட சொல்லணும், அப்புறம் தான் மேல சொல்லுவேன்'னாரு. விடிஞ்சா ஆளு இல்ல. ஆனா பின்தெருவுல ஒண்ணுமே இல்லன்னு இப்ப அறிக்கை போகுதாம்."

"யார் அந்த ஒருத்தர்?" என்று அக்கா கேட்டாள்.

"கேக்கத் தோணலயே" என்றவள் அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அறிக்கை இன்று நாலு மணிக்குப் போகிறது. போய்விட்டால் பின்தெருவில் இருக்கும் பதினாலாயிரம் பேருக்கும் வருஷா வருஷம் வீடு வீடாகக் கொடுக்கும் மாத்திரை நின்றுவிடும்.

* * *

இயக்குநர் நாற்பது வயதைத் தொடாதவர். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. தங்கை கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு, கூடத்தைச் சுற்றிப் பார்க்கத் தடையில்லை என்றார்.

"ரெண்டு விதமாப் பாக்கிறோம். கொசுவை உப்புத்தண்ணிச் சொட்டுல வச்சு, ஊசியால தலை, மார்பு, வயிறுன்னு மூணாப் பிரிப்போம். புழு இருந்தா நெளியும். அது பழைய முறை. இன்னொண்ணு, இருபது கொசுவை ஒண்ணா அரைச்சு, அந்தக் கூழுல புழுவோட மரபணு இருக்கான்னு மெஷின் பாக்கும்."

"எங்க வீட்டு மிக்ஸிய இனி எப்படி சார் நான் நிமிர்ந்து பாப்பேன்?" என்றான் வெடி.

இயக்குநர் அவனைக் கவனிக்கவில்லை. "பின்தெருவுல முந்நூத்தி இருபது கொசு பிடிச்சோம். பாதிய ஊசி அறுத்தாரு. பாதிய இருபது இருபதா எட்டுக் குப்பியில காய வச்சோம். அறுத்ததுலயும் பூச்சியம். மெஷின்லயும் பூச்சியம். ரெண்டு வெவ்வேறு முறை ஒரே பதிலச் சொன்னா அதுக்கு மேல சந்தேகப்பட இடமில்ல."

"பூச்சிக்கூடத்துல பூச்சியம் வர்றது பொருத்தம் தானே சார்."

"ஊசி எழுதின தாளைப் பாக்கலாமா?" என்றாள் அக்கா.

"தாள் இல்ல. அவங்கவங்க எண்ணினதத் துண்டுத் தாள்ல எழுதி டீச்சர்கிட்ட கொடுப்பாங்க. டீச்சர் பெரிய பதிவேட்டுல ஏத்துவாங்க. அன்னிக்கு ஊசி வாயால தான் சொன்னாராம். டீச்சர் சொன்னா அதுக்கு மறுபேச்சு கிடையாது. இங்க ஊசி பிடிக்கிற எல்லாருக்கும் பிடிக்கக் கத்துக் கொடுத்ததே அவங்க தான். என்னையும் சேத்து."

டீச்சர் அறுக்கும் அறையில் இருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை மேலங்கி, இறுக்கிப் போட்ட கொண்டை. ஏழு மைக்ராஸ்கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றன்மேல் மட்டும் துணி போர்த்தியிருந்தது.

"பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்துல உக்காந்த பையன்" என்றாள் அந்தத் துணியைத் தடவியபடி. "கடைசியா என்கிட்ட பேசினதே அந்தப் பூச்சியத்தப் பத்தித் தான். 'ஒண்ணுமில்ல டீச்சர், எழுதிக்கங்க'ன்னான்."

குரல் நிதானமாக, கனிவாக இருந்தது. ஆனால் வெடிக்கு என்னவோ செய்தது. அவள் அவனைப் பார்த்துத்தான் பேசினாள். பார்வை மட்டும் அவன் முகத்தில் விழாமல் காதோரம் நின்றது. பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

"அக்கா, அந்தம்மா என் காதுகிட்ட துக்கம் விசாரிக்குது" என்றான் வெளியே வந்ததும்.

அக்கா நின்றாள். அவனை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பின்கட்டுக்கு இறங்கினாள்.

* * *

பின்கட்டில் கொசு பிடிப்பவர் பிளாஸ்டிக் தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெடி நாலடி தள்ளி நின்றான்.

"அண்ணே, இதுலயா விழுது? நான் கொசுவா இருந்தா வேற தெருவுக்கு வீடு மாத்திடுவேன்."

"அழுகின தண்ணி தம்பி. முட்ட வைக்க இடம் தேடுற பொட்டக் கொசுவுக்கு இது தான் சொர்க்கம். தண்ணிக்கு மேல காத்தாடி இழுத்து வலைக்குள்ள போட்டுடும். ரத்தம் குடிச்சு, வயிறு முட்ட முட்டையோட வர்றதாத்தான் விழும்."

"ஆண் கொசு விழாதா?" என்று கேட்டாள் அக்கா.

"அதுக்கு இங்க என்ன ஜோலி? அது ரத்தமே குடிக்காது, புழுவும் சுமக்காது. தப்பித் தவறி ஒண்ணு ரெண்டு வந்தா அங்கயே பொறுக்கிப் போட்டுடுவேன். கொம்பப் பாத்தாலே தெரியும், இறகு மாதிரி புசுபுசுன்னு இருக்கும்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பின்தெருவுல புடிச்சதுல ஒரு ஆண்கூடக் கிடையாது. நான் எண்ணிக் கொடுத்தேன்."

அக்கா மேலே போய் இயக்குநரின் உதவியாளரிடம் மிச்சக் குப்பிகளைக் கேட்டு வாங்கினாள். எட்டில் ஆறை அரைத்துவிட்டார்கள். இரண்டு மறுபரிசோதனைக்காக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. 'பின்தெரு' என்று எழுதி, மேலே இயக்குநர் கையெழுத்து. அதில் ஒரு குப்பியை ஜன்னலோரம் ஒரு வெள்ளைத்தாளில் கொட்டினாள். பைக்குள் இருந்து தன் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வெடியிடம் நீட்டினாள்.

"என்ன தெரியுதுன்னு சொல்லு."

"கொசு."

"வெடி."

"சரி, சரி. ரெக்கையெல்லாம் புதுசா இருக்கு, கடையில இருந்து இப்பத் தான் பிரிச்ச மாதிரி. வயிறு ஒட்டிக் கிடக்கு. முட்டையும் இல்ல, ரத்தமும் இல்ல." அவன் குரலில் இருந்த விளையாட்டு மெல்ல இறங்கியது. "இது... இதுக்குக் கொம்பு புசுபுசுன்னு இருக்கு. இதுக்கும். நாலு இருக்குக்கா. இருபதுல நாலு ஆம்பள."

தாழ்வாரக் கோடியில் வலைக் கதவு போட்ட அறை ஒன்று இருந்தது. உள்ளே கூண்டு கூண்டாகக் கொசு வளர்த்தார்கள், ஆராய்ச்சிக்காக. நாளுக்கு நூற்றுக்கணக்கில் பொரித்துப் பறக்கும். யாரும் கணக்கு வைப்பதில்லை. சர்க்கரைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் ருசித்திராத கொசுக்கள். கதவருகே நின்றபோது அந்த அறையே ஒரு குரலில் ரீங்காரம் போட்டது. வெடி ஓரடி பின்வாங்கினான்.

"தெருக் கொசுவத் தூக்கி எறிஞ்சுட்டு, இந்த வீட்டுப் பிள்ளைங்கள அடைச்சு வச்சிருக்காங்க" என்றான். "மெஷின் பூச்சியம்னு சொல்லாம வேற என்ன சொல்லும். அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"ரெண்டு பேர்கிட்ட. இயக்குநர். டீச்சர்."

"அப்ப இயக்குநர் தான். அறிக்கையில பேரு வாங்கப் போறவரு அவரு. குளுகுளு அறையில உக்காந்திருக்கிறவருக்கு ஆணு பொண்ணு எங்க தெரியும்? கைக்குக் கிடைச்சத அள்ளி அடைச்சிருப்பாரு."

"வா, கேட்டுடுவோம்" என்றாள் அக்கா.

இயக்குநரின் மேஜைமேல், எந்தப் பீடிகையும் இல்லாமல், வெள்ளைத்தாளை விரித்தாள். அவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. குனிந்து பார்த்த மாத்திரத்தில் முகம் சுளித்தார்.

"இதென்ன, ஆண் கொசு கலந்து கிடக்கு? எந்த முட்டாள் பிரிச்சான் இத?" என்றபடி குப்பியைத் திருப்பினார். அதில் தன் கையெழுத்தைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பின்தெருவா? நான்... நான் மூடின குப்பிமேல கையெழுத்து மட்டும் தான் போட்டேன்."

வெடி அக்காவைப் பார்த்தான். அவன் கட்டிய கோட்டை ஒரு நிமிஷத்தில் சரிந்துவிட்டது. மாற்றியவர் இவராக இருந்தால் ஆண் கொசுவை விட்டு வைத்திருக்கமாட்டார். வைத்திருந்தாலும் இப்படி வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

"சார், இந்தக் கட்டடத்துல ஆண் கொசுவத் தெரியாதவங்க யாரு?" என்று கேட்டாள் அக்கா.

"யாருமில்ல. கூட்டிப் பெருக்குறவருக்கே தெரியும். முதல் நாளே டீச்சர் கத்துக் கொடுத்துடுவாங்க."

"அப்படின்னா மாத்தினவங்களுக்குத் தெரியாம இல்ல." அக்கா தாளை மடித்தாள். "கண்ணுக்குத் தெரியல."

சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

"வெடி, நாம வந்த பஸ் டிக்கெட் வச்சிருக்கியா?"

* * *

அறுக்கும் அறையில் மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். டீச்சர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா, வெடி, பின்னால் இயக்குநர் என்று மூவரும் உள்ளே போனார்கள். இயக்குநரைப் பேச வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஊசி அண்ணனோட மேலங்கிப் பையில ஒரு ஸ்லைடு கிடைச்சது. கடைசி நாள் அவர் அறுத்த கொசுவோன்னு சந்தேகம். அறிக்கை போறதுக்குள்ள நீங்க ஒரு தடவ பாத்துச் சொன்னா எங்க வேலையும் முடிஞ்சுடும்."

டீச்சரின் கை ஒரு கணம் மேஜைமேல் நின்றது. பிறகு நீண்டது. ஸ்லைடை வாங்கி, விரல் நுனியால் அதன் விளிம்பைத் தடவி, சரியான இடத்தில் பொருத்தினாள். விளக்கைப் போட்டாள். குனிந்தாள். முப்பது வருஷப் பழக்கத்தில் கைகள் திருகாணிகளைத் தானாகத் திருப்பின. அந்த விரல்களின் லாவகத்தைப் பார்த்தபோது, அக்கா தப்புக் கணக்குப் போட்டுவிட்டாளோ என்றுகூட வெடி நினைத்தான்.

"தலை... சுத்தம்" என்றாள் டீச்சர். ஸ்லைடை நகர்த்தினாள். "மார்பு, சுத்தம். வயித்துல முட்டை நிறைய இருக்கு. புழு இல்ல." நிமிர்ந்தாள். "பாவம், எதுக்கு இதப் பையில வச்சிருந்தானோ. பூச்சியம் தான்."

"சார், நீங்க பாருங்க" என்றாள் அக்கா.

இயக்குநர் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இதுல கொசுவே இல்ல. ஏதோ காகிதத் துண்டு. அதுல ஏழுன்னு அச்சடிச்சிருக்கு."

டீச்சர் கையை நீட்டி மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தாள். மேலங்கியின் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் அக்கா.

"ரெண்டு வருஷமாச்சு. எதப் பாத்தாலும் நடுவுல ஒரு கருப்பு நிக்கும். சுத்தி எல்லாம் தெரியும். நடக்க, எழுத, டீ போட எல்லாத்துக்கும் அது போதும். மத்தவங்க தாளை அவங்களையே வாசிக்கச் சொல்லி எழுதிக்குவேன். உங்களப் பாத்தா காது தெரியுது, முகம் தெரியல." அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள். "முதல்ல ஒரு நாள் ரெண்டு நாள்னு நினைச்சேன். எத்தனையோ தெரு வருஷக்கணக்கா பூச்சியம் தானே, பூச்சியம்னே எழுதிட்டேன். மறுநாளும் எழுதினேன். யாரும் கேக்கல. நான் சொன்னா யார் கேப்பாங்க?"

"ஊசி கேட்டாரு" என்றாள் அக்கா.

"பக்கத்துலயே உக்காந்திருந்தவன், என் கண்ணக் கண்டுபிடிச்சுட்டான். ஆனா கோவப்படல. அதான் தாங்க முடியல." மேலங்கியின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "காலையில படியேறி வந்தான். நான் மேல நின்னேன். 'டீச்சர், கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட வரேன். எப்படித் தப்பாச்சுன்னு யாருக்கும் சொல்ல வேணாம். ஆனா ரெண்டு வருஷம் எழுதினத எல்லாம் திரும்பப் பாக்கணும்'னான். கையில தாள் இருந்தது. பிடுங்கினேன். விடமாட்டேன்னான். கை தவறிப் பட்டுடுச்சுன்னு எட்டு நாளா எனக்கு நானே சொல்லிக்கிறேன். இல்ல. தள்ளினேன்."

"பின்தெரு கொசுவெல்லாம்?"

"அன்னிக்கே எரிச்சுட்டேன். கூண்டுலேர்ந்து அள்ளிக் குப்பிய நிரப்பினேன். ஆண், பெண்ணு தெரியல எனக்கு. ஊருக்கெல்லாம் கத்துக் கொடுத்தவ."

காலடியில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். டப்பாவுக்கு அடியில் துழாவி, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். ஒரு முனை கிழிந்திருந்தது.

"இது மட்டும் இருக்கு. எரிக்கணும்னு தான் எடுத்தேன். என்ன எழுதியிருக்கான்னு எனக்குத் தெரியாது. வேற யார்கிட்டயும் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாதே." அக்கா இருந்த திசைக்கு நீட்டினாள். "நீங்க படிச்சுச் சொல்லுங்க."

அக்கா வாங்கிப் பிரித்தாள். பொடிப்பொடியாக, நேர்கோட்டில் எழுதிய எழுத்து.

"பின்தெரு. அறுத்தது நூற்றி அறுபது. புழு இருந்தது நான்கில். ஒன்றின் தலையில் மூன்று, உயிருடன், கடிக்கும் குழலுக்குப் பக்கத்தில்." அக்கா கடைசி வரியை மெதுவாகப் படித்தாள். "டீச்சரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முன்னால் வேண்டாம்."

டீச்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளா என்று வெடிக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லை.

* * *

காவல் ஆய்வாளர் வந்து அவளை அழைத்துப் போனபோது, டீச்சர் அந்தப் பதினேழு படிகளையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காலால் தடவி இறங்கினாள்.

அக்கா தாழ்வாரத்துக்கு வந்து தையல்காரப் பெண்ணுக்குப் போன் செய்தாள். "உங்கண்ணன் சரியாத்தான் பாத்திருக்காரு" என்றாள். பிறகு வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் நாலு மணி அறிக்கையை நிறுத்திவிட்டார். பெரிய பதிவேட்டை மேஜைமேல் பிரித்து வைத்திருந்தார். இரண்டு வருஷத்தில் டீச்சர் கண்ணால் பார்த்ததாக எழுதிய பூச்சியங்கள். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்திய ஒன்பது தெருக்கள்.

"பின்தெருவுக்குத் தான் முதல் தடவையா மெஷின் வந்துச்சு" என்றார். "அதுக்கு முன்னால இந்தத் தெருவுக்கெல்லாம் டீச்சர் கண்ணு மட்டும் தான். கடிச்ச உடனே ஒண்ணும் தெரியாதும்மா. புழு உள்ள போய் வளரும். வலிக்காது. வருஷக்கணக்கா ஒண்ணுமே இருக்காது. கால் வீங்கின பிறகு தான் தெரியும், அப்ப திருப்ப முடியாது."

"முன்னாடியே கண்டுபிடிச்சா?"

"மாத்திரை கொடுக்கலாம். ரத்தத்துல இருக்கிற குஞ்சுப் புழு அழியும். அதுக்கு முதல்ல எந்தெந்தத் தெருன்னு தெரியணும்."

"வெடி, படி. எழுதிக்கிறேன்" என்று அக்கா பேனாவைத் திறந்தாள்.

வெடி பதிவேட்டை இழுத்துக்கொண்டான். "கிடங்குத் தெரு. ஒண்ணு. ஸ்டேஷன் பின்பக்கம், ரெண்டு. இந்தம்மா கையெழுத்து என்னமா மணிமணியா இருக்கு பாருங்க, பொய்க்கு இவ்வளவு அழகா? மரக்கடைச் சந்து, மூணு. பள்ளிக்கூட வீதி, நாலு..."

ஐந்தாவதைப் படிக்கவில்லை.

அக்கா பேனாவுடன் காத்திருந்தாள். பிறகு தலை தூக்கினாள். "என்ன?"

"எங்க தெருக்கா."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டான். மனைவி மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"வலைய எடுத்துக் கட்டு. ஜன்னலச் சாத்து."

"இப்பவா? மணி நாலு தானே ஆகுது. என்ன, புதுசா ஏதாவது கூத்தா?" அவள் சிரிக்கத் தயாராக இருப்பது குரலில் தெரிந்தது.

"இல்ல. பாப்பா எங்க?"

"வெளிய விளையாடிட்டிருக்கா."

"உள்ள கூப்பிடு."

"ஏங்க, உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

"வந்து சொல்றேன். முதல்ல கூப்பிடு." குழந்தையின் பெயரைச் சொல்லி அவள் வாசலுக்குப் போவதும், கதவு கிரீச்சிடுவதும், இரண்டு முறை அழைத்த பிறகு குட்டிக் காலடிகள் ஓடி வருவதும் கேட்கும்வரை அவன் போனை வைக்கவில்லை.

கீழே பின்கட்டில் கொசு பிடிப்பவர் காயவைத்த தொட்டிகளை வண்டியில் ஏற்றத் தொடங்கியிருந்தார். பழைய தெருக்கள் ஒன்பதிலும் இன்று மாலைக்குள் பொறி வைத்தாக வேண்டும். வெடி இறங்கிப் போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அழுகிய தண்ணீர் நிறைந்த கேன் ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. நாற்றத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"எந்தத் தெருவுல ஆரம்பிக்கலாம் தம்பி?" என்று கேட்டார் அவர்.

"ஏறுங்கண்ணே" என்றான் வெடி. "வழி நான் சொல்றேன்."